ரப்பர் பூக்கும் மாதம்

பதினோரு வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு மரத்துக்குக் குறையாது. அவ்வளவு மரத்தைத் தொட்டவன் அத்தனை வருஷமும் அதன் பூவைப் பார்த்ததே இல்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மனைவிகூட முதலில் நம்பவில்லை.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டுப் பக்கம். இங்கிருந்து வேலை தேடிக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்குப் போவார்கள். நான் ஆலங்காயத்துக்கு இறங்கி, போர்வெல் போடுகிற லாரியில் ஏறினேன். இருபத்தொரு வயது. அந்த லாரி ஊர் ஊராகப் போய்க் கடைசியில் தெற்கே குலசேகரம் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நின்றபோது எனக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டது. கண்ணெல்லாம் மஞ்சள். லாரி அடுத்த வேலைக்குப் போய்விட்டது. தோட்டத்துக்காரர் என்னை ரப்பர் ஷீட் காயவைக்கிற கொட்டகையில் படுக்க வைத்தார். அவர் வீட்டிலிருந்து மூன்று வாரம் கஞ்சி வந்தது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும், வாங்கித் தின்ற கஞ்சிக்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று பட்டையிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்து கிடக்கிற ஒட்டுப்பால் பொறுக்கப் போனேன். அப்படியே வெட்டவும் கற்றுக்கொண்டேன். ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நினைப்பு அந்த வருஷம் எனக்கு வரவில்லை.

பால் வெட்டுகிறவன் மரத்தை நிமிர்ந்து பார்க்க மாட்டான். அவனுக்கு மரம் என்றால் முழங்காலிலிருந்து மார்பு உயரம் வரை இருக்கிற பட்டைதான். சாய்வாக ஒரு கீற்று எடுக்க வேண்டும். ஆழம் கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது. கீற்று எடுத்த இடத்தில் வெள்ளையாகப் பொட்டுப் பொட்டாகத் துளிர்த்து, பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கோடாக ஓடிச் சிரட்டையில் விழும். அதைப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்கு நகர வேண்டும். தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பது வெட்டுகிறவன் கணக்கிலேயே வராது. மேலே இலை இருக்கும், அதனால் கீழே எப்போதும் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த இருட்டு ஒருநாள் இல்லாமல் போனதுதான் முதல் ஆச்சரியம்.

நான் சேர்ந்த வருஷம் மார்கழி பாதியில் இலைகள் நிறம் மாற ஆரம்பித்தன. முதலில் ஏதோ நோய் என்று பயந்து தோட்டத்துக்காரரிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, வருஷா வருஷம் இப்படித்தான், போய் வேலையைப் பார் என்றார். தை பிறந்த பிறகு பார்த்தால் தோட்டம் முழுக்கச் சிவப்பு. செம்பு நிறமும், பழுத்த மிளகாய் நிறமும், அங்கங்கே மஞ்சளுமாக மேடு முழுவதும் எரிகிற மாதிரி நின்றது. பிறகு ஒரு வாரத்தில் எல்லாம் கொட்டிவிட்டது. காற்றுகூட வேண்டாம். நடுப்பகலில் அசையாமல் நிற்கிற மரத்திலிருந்து இலை தானாகக் கழன்று, கிளைகளில் தட்டித் தட்டி இறங்கும். ஆயிரம் மரத்திலிருந்து ஒரே நேரத்தில் அப்படி இறங்கினால் தூரத்தில் மழை வருகிற சத்தம். நான் இரண்டு தடவை ஷீட்டை உள்ளே எடுக்கலாம் என்று ஓடியிருக்கிறேன்.

இலையுதிர்வதை நான் பார்க்காதவன் இல்லை. எங்கள் மலையில் வேங்கை உதிரும், ஒதியன் உதிரும், இலவம் உதிரும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வாரம். ஒன்று மொட்டையாக நிற்கும்போது பக்கத்தில் இன்னொன்று பச்சையாக இருக்கும். இங்கே ஆயிரம் மரமும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வாரத்தில் கொட்டின. அதெப்படி என்று கேட்டதற்குத் தோட்டத்துக்காரர் சொன்னது இன்னும் ஆச்சரியமாக இருந்தது. இவை எல்லாமே ஒரே மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக் கட்டியவை, ஆயிரம் என்று எண்ணினாலும் உள்ளே ஒரே மரம்தான் என்றார். அதன் பிறகு கொஞ்ச நாளைக்கு ஒவ்வொரு மரத்திலும் கத்தி வைக்கும்போது மற்ற எல்லா மரத்துக்கும் வலிக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு.

இலை விழுந்தால் வெட்டு நிற்கும். புது இலை வந்து கெட்டிப்படுகிற வரைக்கும் மரத்தைத் தொடக் கூடாது. ஏறக்குறைய இரண்டு மாதம். வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. தோட்டத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்த்துவிட்டுப் பங்குனி கடைசியில் வா என்றார். எனக்கும் தோதாக இருந்தது. எங்கள் மலையில் மாசி பங்குனியில்தான் புளி உலுக்குவார்கள். வீட்டுக்கு ஆள் தேவைப்படுகிற ஒரே சமயம் அது. அன்றிலிருந்து என் வருஷம் அப்படியே அமைந்துவிட்டது. ரப்பர் இலை விழுந்தால் மலையேறுவேன். இலை வந்தால் இறங்குவேன்.

கல்யாணமும் அதனால்தான் மாசியில் நடந்தது. மூன்றாவது வருஷ லீவில். பெண் எங்கள் சொந்தத்திலேயே பக்கத்து ஊர். கல்யாணமாகி நாலைந்து நாள் இருக்கும். இருவரும் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தோம். நான் தோட்டத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தேன். பட்டை எப்படி, பால் எப்படி, இலை சிவந்து கொட்டுவது எப்படி, ஆவணியில் காய் வெடிக்கும்போது பட்டாசு மாதிரி சத்தம் வருவது எப்படி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குனிந்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"பூ எப்டி இருக்கும், மாமா?" என்றாள்.

பார்த்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன். அதில் பூவே இல்லை. பார்த்ததில்லை என்றேன்.

"காய் வெடிக்குதுன்னு சொல்றீங்களே. பூக்காமயா காய் வரும்?"

அவள் கேலி செய்யவில்லை. சாமையும் கேழ்வரகும் விதைத்து வளர்ந்த பெண். ஒரு செடியோடு மூன்று வருஷம் இருந்தவனுக்கு அதன் பூ தெரியாது என்பது அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

திரும்பிப் போனதும் முதல் வேலையாக நிமிர்ந்து பார்த்தேன். தோட்டம் கரும்பச்சையாக மூடிக்கிடந்தது. வெகு உயரத்தில், இலைக்கு நடுவில், சுண்டைக்காய் அளவில் பிஞ்சுகள். பூ முடிந்து போயிருந்தது. தோட்டத்துக்காரரிடம் கேட்டேன். அவர் சற்று யோசித்தார். புது இலை வரும்போது கூடவே பூவும் வரும், அப்போதுதான் தேனீக்காரர்கள் பெட்டியைக் கொண்டுவந்து தோட்டத்தில் வைப்பார்கள், நீ ஊரில் இருப்பாய் என்றார். எப்படி இருக்கும் என்று மறுபடி கேட்டேன். என்னவோ சின்னதாக இருக்கும், யார் பார்த்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த லீவுக்கு ஊருக்கு வராமல் அங்கேயே இருந்து பார்த்துவிடலாமா என்று நினைத்ததுண்டு. மனைவியிடமும் சொன்னேன். ஒரு வருஷம்தானே, இருந்து பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். ஆனால் என்னால் முடியவில்லை. வருஷத்தில் அந்த இரண்டு மாதம்தான் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிற காலம். ஒரு பூவுக்காக அதை விடுவதா என்று நானே கேட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். ஒவ்வொரு தையிலும் இதுதான் நடந்தது.

மகள் ஆவணியில் பிறந்தாள். சேதி வந்தபோது நான் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். அந்த வெயிலில்தான் ரப்பர் காய் வெடிக்கும். மூன்று பிளவாக இருக்கிற ஓடு காய்ந்து இறுகி, சட்டென்று முறுக்கிக்கொண்டு தெறிக்கும். விதை இருபது முப்பது அடி தள்ளிப் போய் விழும். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் மரத்தடியில் குனிந்து விதைகளைப் பொறுக்கினேன். ஒவ்வொன்றும் கோழி முட்டையைச் சின்னதாக்கிப் பழுப்புப் புள்ளி வைத்த மாதிரி. ஒரு விதையின் புள்ளி இன்னொரு விதையில் இல்லை. இரண்டு கை நிறைய எடுத்து, ஈர மரத்தூளில் புதைத்து, சாக்கில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. குழந்தையைப் பார்க்க வெறும் கையோடு போகக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ.

வீட்டுக்குக் கீழே நிலம் அடுக்கடுக்காக இறங்கி ஒரு ஓடையில் முடியும். ஓடைக்கரையில்தான் கோடையிலும் ஈரம் இருக்கும். அங்கே குழி எடுத்து விதைகளை வைத்தேன். முளைப்பதைப் பார்க்க எனக்கு நாள் இல்லை. பத்தாவது நாள் கிளம்பிவிட்டேன். விதைத்ததில் பாதியை முள்ளம்பன்றி தோண்டித் தின்றுவிட்டது. முளைத்தது ஒன்பது. முதல் கோடை தாண்டியது நான்கு. இதையெல்லாம் மனைவி போனில்தான் சொன்னாள். எங்கள் ஊரில் அப்போது சிக்னல் கிடைக்காது. வீட்டுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, அதில் ஏறி ஆலங்காயம் பக்கம் பார்த்து நின்றால் கிடைக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பாறை ஏறி வந்து, குழந்தைக்குப் பல் முளைத்ததையும் செடி துளிர்த்ததையும் ஒரே மூச்சில் சொல்வாள்.

"ஒரு அடுக்கு இலை வுட்டுட்டு குந்திக்குது, மாமா. ஒரு மாசம் அசையாது. அப்புறம் திடீர்னு எந்திரிச்சி அதும்மேல இன்னொரு அடுக்கு வுடுது."

நான் வெட்டுகிற மரங்களெல்லாம் என்னைவிட வயதானவை. அவை குழந்தையாக இருந்தபோது அடுக்கடுக்காக எழுந்து எழுந்து உட்கார்ந்தவை என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

வருஷங்கள் ஓடின. நான்கு கோடை அவள் குடத்தில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு வேர் ஓடையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவை நான் மலையேறும்போதும் தோட்டத்தில் மரங்களை மொட்டையாக விட்டு வருவேன், வீட்டில் நான்கும் பச்சையாக நிற்கும். ரப்பர் சின்ன வயதில் முழுசாக உதிர்க்காது. நான்காம் வருஷத்தில் அங்கொன்று இங்கொன்றாக விழுந்தது. அக்கம்பக்கத்தில் எதற்கு ஆகும் இந்த மரம் என்று கேட்டார்கள். நாலு மரத்துப் பாலை வைத்து என்ன செய்வது. பழம் கிடையாது, ஆடும் அதை விரும்பித் தின்னாது. பதில் தெரியாமல் சும்மா வைத்திருக்கிறோம் என்று மனைவி சொல்லிவிடுவாள்.

மகளுக்கு ஆறாவது வயது நடந்துகொண்டிருந்த வருஷம். தை முடிகிற சமயம் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கி நடந்து வந்தால் மேட்டிலிருந்தே ஓடைக்கரை தெரியும். ஒரு மரம் சிவந்து நின்றது.

மனைவி வாசலில் நின்றிருந்தாள். "பாத்தீங்களா? உங்க மரமும் லீவு எடுத்துக்கினு கீது" என்றாள்.

பையைக்கூட வைக்காமல் கீழே இறங்கினேன். தோட்டத்தில் ஆயிரம் மரம் சிவந்ததைப் பத்துத் தடவை பார்த்தவன் நான். ஆனாலும் அந்த ஒற்றை மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். அதற்குப் பக்கத்து மரம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் நிறம் இப்போதுதான் ஓரத்தில் ஏறியிருந்தது. நான்காவது முழுப் பச்சை. அப்போதுதான் உறைத்தது. இவை ஒட்டு மரங்கள் இல்லை, விதையில் வந்தவை. ஒரே நாளில் ஒரே கையால் விதைத்தும் நான்கும் நான்கு ஆள். தோட்டத்தில் ஆயிரம் இருந்தும் நான் பார்த்தது ஒரு மரத்தைத்தான். இங்கே நான்கு இருந்தது, நான்கையும் பார்த்தேன்.

மாசியில் அவை ஒவ்வொன்றாகக் கொட்டின. நாங்கள் புளி உலுக்கிவிட்டு வரும்போதெல்லாம் மகள் முன்னால் ஓடிப் போய் எது எவ்வளவு கொட்டியிருக்கிறது என்று பார்த்து வருவாள். முதலில் சிவந்த மரம் சுத்தமாக மொட்டையாகிவிட்டது. அதன் கிளை நுனிகளில் கூர்கூராக மொட்டு வந்தது. இன்னும் பத்து நாள், பதினைந்து நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பங்குனி பிறந்து நாலாம் நாள் பாறை மேல் ஏறியிருந்தபோது தோட்டத்துக்காரரிடமிருந்து போன் வந்தது. அந்த வருஷம் அங்கே இலை சீக்கிரம் வந்து கெட்டிப்பட்டுவிட்டதாம், உடனே வரச் சொன்னார்.

அன்று முழுவதும் நான் ஓடைக்கும் வீட்டுக்குமாக நடந்தேன். இரண்டு நாள் பார்க்கலாமா என்று நானே கேட்டேன். அவள் மரத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு நாளில் வராது, போய்விட்டு வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் காலை ஜீப்பில் ஆலங்காயம் இறங்கி, வாணியம்பாடி போய் ரயில் ஏறினேன். பத்து வருஷமாகப் பழகிய பயணம். அந்தத் தடவை மட்டும் ஏதோ தப்பான திசையில் போகிற மாதிரியே இருந்தது.

போய்ப் பன்னிரண்டாம் நாள் காலை. பால் எடுத்து முடித்துக் கொட்டகையில் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப்பில் இரண்டு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது. முதலாவதைப் போட்டேன். பேச்சே இல்லை. ஒரு ரீங்காரம் மட்டும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்துக் காதில் அழுத்தி வைத்தேன். ரீங்காரம் ஏறி இறங்கியது. நடுவில் மகளின் குரல், அம்மா எவ்ளோ தேனீ என்று. மறுபடி ரீங்காரம். முடிந்துவிட்டது.

இரண்டாவது மெசேஜ் பாறை மேலிருந்து. மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"சத்தம் கேட்டுச்சா, மாமா? மரத்தாண்ட நின்னு பதிஞ்சிட்டு வந்தேன். இப்ப பாறை மேல குந்திக்கினு கீறேன். ஒரு கொம்பு ஒடிச்சாந்தேன், கோச்சிக்காதீங்க. எல இன்னும் தேறல. செம்பு கலர்ல, வதங்கின கீரை கணக்கா தொங்குது. அதுக்கு நடுவுல சாமைக் கதிரு மாதிரி கொத்துக் கொத்தா பூ. ரொம்பப் பொடுசு. மஞ்சளும் இல்ல, வெள்ளையும் இல்ல. மணியாட்டம் குனிஞ்சிக்கினு கீது. வாசன எப்டி சொல்றதுன்னு தெரியல. மாம்பூ கொஞ்சம், தேனு கொஞ்சம்."

நடுவில் காற்றுச் சத்தம் குறுக்கிட்டது. பிறகு சொன்னாள்.

"தேனீ மொதல்ல பூவுக்கு வரல, மாமா. எலைக்குத்தான் வந்துது. மூணு எல சேர்ற எடத்துல தேனு துளி துளியா நிக்குது. நக்கிப் பாத்தேன். தேனேதான்."

நான் கொட்டகையிலிருந்து வெளியே வந்து நிமிர்ந்தேன். தலைக்கு மேலே கெட்டிப்பட்ட இலைக்கூரை. பூவெல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் தேனீப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போய்க் கேட்டேன். ஆமாம், ரப்பரில் தேன் வருவது இளம் இலையிலிருந்துதான், பூவைவிட இலைதான் எங்களுக்குச் சோறு போடுகிறது என்றார் தேனீக்காரர். எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய், தெரியாதா என்றும் கேட்டார். அந்த இரண்டு மெசேஜையும் அன்று எத்தனை தடவை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

அடுத்த தையில் கிளம்பும்போதே தோட்டத்துக்காரரிடம் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நான் வர நாளாகும். ஏன் என்றார். காரணத்தைச் சொன்னேன். என்னை உற்றுப் பார்த்தார். கோபப்படவில்லை. ஆனால் இலை கெட்டிப்பட்ட பிறகு மரத்தைச் சும்மா விட முடியாது, வேறு ஆளை வைக்க வேண்டியிருக்கும் என்றார். நியாயம்தான். கும்பிட்டுவிட்டு வந்தேன். என் கத்தியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டேன்.

அந்தப் பங்குனியில் நான் பூவைப் பார்த்தேன்.

ஓடைக்கரைக்கு மேலே எங்கள் நிலத்தின் கடைசி அடுக்கு இருக்கிறது. அதன் விளிம்பில் உட்கார்ந்தால் மரத்தின் உச்சி நமக்கு நேராக வரும். தோட்டத்தில் நான் ரப்பரை அப்படிப் பார்த்ததே இல்லை. எப்போதும் அடியில் நின்றவன். இப்போது பறவை பார்க்கிற இடத்தில் இருந்தேன். மொட்டைக் கிளை நுனிகளில் முதலில் கருஞ்சிவப்பாக ஒரு கூர் நீண்டது. அது பிரிந்து இலையாயிற்று. ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை, பளபளவென்று எண்ணெய் தடவியது போல, நிமிரத் தெம்பில்லாமல் தொங்கிக்கொண்டு. வெயில் அதற்குள் புகுந்து வந்தது. காலையில் கருஞ்சிவப்பாக இருந்தது மாலையில் செம்பாக இருந்தது. மூன்றாம் நாள் பச்சை எட்டிப் பார்த்தது. ஒரு மரம் இப்படி நம் கண் முன்னால், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நிறம் மாறும் என்று எனக்குத் தெரியாது.

தேனீக்கள் வந்தன. கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, பாறையில் கூடு கட்டுகிற பெரிய தேனீ என எல்லா ஜாதியும். அவள் அனுப்பிய ரீங்காரம் வேறு, இது வேறு. இது காதில் கேட்பதாக இல்லை, உட்கார்ந்திருந்த மண்ணிலிருந்து உடம்புக்குள் ஏறியது. மகள் தாழ்ந்த கிளையொன்றை வளைத்து, மூன்று இலை சேரும் இடத்தைக் காட்டினாள். கடுகைவிடச் சின்னதாகப் பளபளக்கும் துளி. நாக்கில் வைத்தேன். இந்த மரத்தின் பாலை என் தோலிலும் துணியிலும் தலைமுடியிலும் பதினோரு வருஷம் சுமந்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தாலும் போகாத நாற்றம் அதற்கு. அதே மரம் இதையும் வைத்திருந்தது.

பிறகு பூ. அவள் சொன்னபடியே சாமைக் கதிர்தான். தொடும்போதே உதிரும் அளவுக்கு மெல்லிசு. ஒவ்வொரு கொத்திலும் நூற்றுக்கணக்கில். மனைவி ஒரு கொத்தைக் கையில் ஏந்தி நுனியைக் காட்டினாள். ஒவ்வொரு கிளைக்காம்பின் நுனியிலும் ஒரே ஒரு பூ மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் பெரிசு. போன வருஷமே பார்த்து வைத்திருக்கிறாள். காய் பிடிப்பது அந்த நுனிப்பூவில்தானாம். அதிலும் எல்லாம் பிடிப்பதில்லை, கொத்துக்கு ஒன்றோ இரண்டோ. மற்ற நூறும் ஒன்றிரண்டு நாள் இருந்துவிட்டு விழுந்துவிடும்.

விழுந்தன. காற்று வரும்போதெல்லாம் மஞ்சள் தூள் பறந்தது. ஓடைத் தண்ணீரில் ஆடை கட்டியது. மகளின் தலை முழுக்க அதுதான். நாங்கள் மூன்று பேரும் அந்த விளிம்பில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியவில்லை. அன்று உலுக்க வேண்டிய புளியை உலுக்கவில்லை. ஆயிரம் மரத்தில் இது நடந்த ஒவ்வொரு வருஷமும் நான் அங்கே இல்லை என்பது முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு அந்த வருத்தமும் எங்கோ போய்விட்டது. பார்க்க ஆள் இல்லாமலேதான் இது இத்தனை காலமும் நடந்திருக்கிறது. எனக்காக ஒரு பூகூடக் காத்திருக்கவில்லை. அதை நினைக்க நினைக்க நெஞ்சு விரிந்தது.

தெற்கே நான் வெட்டிய மர வரிசையை அஸ்ஸாமிலிருந்து வந்த இருவர் எடுத்துக்கொண்டார்கள். நான் இப்போது எங்கள் ஊருக்கும் ஆலங்காயத்துக்கும் ஷேர் ஜீப் ஓட்டுகிறேன். மகள் இந்த வருஷம் கீழே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

இந்த வருஷம் வேறொன்று நடந்தது. தையில் எதிர்பாராத மழை. மாசி முழுக்கக் காலையில் பனிமூட்டம். முதலில் உதிர்க்கிற மரம் வழக்கம்போல உதிர்த்து, வழக்கம்போல செம்புத் துளிர் விட்டது. பனி அதன் மேல் படிந்தது. நாலைந்து நாளில் இளம் இலைகளில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை. பிறகு அத்தனையும் சுருங்கிக் கொட்டிவிட்டது. பிஞ்சு இலை உதிர்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பழுத்த இலை போலச் சத்தமும் இல்லை. சத்தமில்லாமல் கீழே ஈரமாகக் கிடந்தது. கூடவே பூங்கொத்துகளும் கருகின. இது பூஞ்சை, தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கையில் எதுவும் இல்லை. நானும் மனைவியும் விளிம்பில் நின்று வெறுமனே பார்த்தோம். உதிர்த்த இலையும் உள்ளே வைத்திருந்த துளிரும் இரண்டும் போய்விட்டன, இனி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

பங்குனி கடைசியில் ஒரு காலை. நான் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடையிலிருந்து ஏறி வந்தாள். வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். போனேன். அதே கிளைகளில், அதே நுனிகளில், மறுபடி கருஞ்சிவப்புக் கூர்கள். ஒன்றிரண்டு அல்ல, மரம் முழுக்க. சில இடங்களில் கூரோடு கூடவே பூங்கொத்தின் தொடக்கமும் தெரிந்தது. ஒரு தேனீ வந்து தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டு போயிற்று.

மனைவி மரத்தின் அடிப்பட்டையில் கையை வைத்தாள்.

"உள்ள இன்னும் இன்னா இன்னா வச்சிக்கினு கீதோ" என்றாள்.

மேலே ஆட்கள் ஜீப்புக்காகக் காத்திருந்தார்கள். யாரோ ஹாரன் அடித்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஏறினேன்.